இருபது நிமிடத்தில் கில்லார்னி

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கிறிஸ்துராஜாவைக் கண்டால் "உங்கட ஊர் எது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேசாலை என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதன் பிறகு, அயர்லாந்தில் ஏரிக்கரையில் இருக்கிற கில்லார்னி என்ற நகரத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் வரும். கலியாண வீடு, செத்த வீடு என்ற பேதம் அவருக்குக் கிடையாது. பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கில்லார்னியின் கோட்டையைப் பற்றிச் சொல்லப் பார்த்தாராம். மனைவி டொலறஸ் சொன்ன கதை இது. டொலறஸ் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை.

இலங்கையில் மன்னார்ப் பேசாலையில் பிறந்தவருக்கு அயர்லாந்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கோச் என்கிற சுற்றுலா பஸ் ஓட்டுகிற வேலைதான். தொண்ணூற்றிரண்டில் லண்டனுக்கு வந்தவர், பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலைக்கு நின்றார், பாண் பேக்கரியில் ஷிப்ட் செய்தார், எட்டு வருடம் சிவப்பு பஸ் ஓட்டினார். கடைசியில், குரொய்டனில் ஐந்து சுற்றுலாக் கோச் வைத்திருக்கும் கோபாலகிருஷ்ணனிடம் ஓட்டுநராகப் போய்ச் சேர்ந்தார். கோபாலகிருஷ்ணனின் நிரந்தர வாடிக்கையாளர்களில் ஒன்று கெறி முதியோர் கழகம். கெறி என்பது அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள மாவட்டம். கில்லார்னி அங்கேதான் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் அங்கிருந்து வந்து லண்டனுக்கு றோட்டுப் போட்டவர்களும், லண்டன் ஆஸ்பத்திரிகளில் தாதிகளாக நின்றவர்களும் இப்போது தலை நரைத்து, செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். செப்டெம்பர் வந்தால் எல்லாருமாகக் கோச் பிடித்து ஒரு கிழமைக்கு ஊருக்குப் போய்வருவார்கள். பெம்புறோக்கில் கப்பல் ஏறி, றொஸ்லேயரில் இறங்கி, அங்கிருந்து மேற்கே ஓட வேண்டும். பதினாறு செப்டெம்பர் அப்படி ஓடியவர் கிறிஸ்துராஜா.

கோச்சில் மைக் பிடித்தவர் அவர் அல்ல. அது டாங்னி மாஸ்டர். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், அவரும் கில்லார்னிக்காரர்தான். மைக்கை வாங்கினால் லேசில் கீழே வைக்கமாட்டார். ஓட்டுநர் பேசக் கூடாது. அவருடைய வேலை ஓட்டுவது. ஆனால் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. முதல் வருடம் அந்தக் கெறி ஆங்கிலத்தில் பாதிதான் பிடிபட்டது. ஐந்தாம் வருடம் முழுவதும் மனப்பாடம். எட்டாம் வருடம் மாஸ்டர் கோட்டை விழுந்த ஆண்டை மாற்றிச் சொன்னபோது ஓட்டுநர் ஆசனத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. மாஸ்டர் நிறுத்தி, யோசித்து, திருத்திக்கொண்டார். அன்று முதல் சந்தேகம் வந்தால் மாஸ்டர் கண்ணாடியில் கிறிஸ்துராஜாவின் முகத்தைப் பார்ப்பார். இருமல் வராவிட்டால் சொன்னது சரி.

போன குளிர்காலம் இரண்டு காரியம் நடந்தது. மாஸ்டருக்கு முழங்கால் இரண்டும் முடியாமல் போய், மான்செஸ்டரில் இருக்கிற மகளிடம் போய்விட்டார். அதே குளிர்காலம், தை மாதத்தில், கிறிஸ்துராஜாவின் கண்ணைச் சோதித்த டொக்டர், பக்கப் பார்வை குறைந்துவிட்டது, இனிக் கோச் ஓட்ட ஏலாது என்று எழுதிக் கொடுத்தார். லைசென்ஸ் போனது. அறுபத்தொரு வயது மனிதர் ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில், மகள் றூபினியின் காருக்குள் இருந்து அழுதார். அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

கோபாலகிருஷ்ணன் நல்ல மனிதர். யார்டில் கோச்சுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார். றூபினியோ இன்னும் ஒருபடி மேலே போனாள்.

"அப்பா, நான் உங்களுக்கும் அம்மாவுக்கும் பிளேன் ரிக்கெட் எடுத்துத் தாறன். கில்லார்னியில போய் ஒரு கிழமை நில்லுங்கோ. ஒருத்தருக்கும் கோச் ஓட்டத் தேவையில்லை."

"தனியப் போய்ப் பாக்கிறதெண்டால் ஆரும் பாக்கலாம் பிள்ளை," என்றார் அவர். "எனக்கு அந்தச் சனத்தோட போக வேணும்."

அதுதான் விஷயம். ஊர் வேண்டும், ஆனால் ஊரை விட்டு வந்தவர்கள் கோச் நிறைய இருக்க, அவர்களோடு சேர்ந்து போகிற ஊர் வேண்டும். ஓட்டுநர் ஆசனம் போய்விட்டது. அதற்குப் பக்கத்தில், மைக் தொங்குகிற வழிகாட்டி ஆசனம் காலியாகக் கிடந்தது. அதைக் கேட்பது என்று முடிவெடுத்தார்.

"கழகம் உங்களைக் கேட்டால் நான் ஏத்திறன், கிறிஸ்து அண்ணை," என்றார் கோபாலகிருஷ்ணன். "ஆனா அந்தத் தலைவி மனுசியை நீங்கள்தான் சமாளிக்க வேணும். எனக்கு ஏலாது."

தலைவி மிஸஸ் மோரியார்ட்டி. எண்பத்துநாலு வயது, முன்னாள் தலைமைத் தாதி. வார்ட்டில் நோயாளிகள் அவருக்குப் பயந்தே சுகமானார்கள் என்று கழகத்தில் பகிடியாகச் சொல்வார்கள். கிறிஸ்துராஜா கேட்டதும் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னது ஆங்கிலத்தில். ஆனால் கிறிஸ்துராஜா பிறகு கனடாவில் இருக்கும் தமக்கைக்கு ரெலிபோனில் இந்தக் கதையை விவரித்தபோது, அயர்லாந்துக்காரர் அத்தனை பேரும் சுத்த மன்னார்த் தமிழில்தான் பேசினார்கள். அது நன்றாகவே இருந்தது. இங்கேயும் அப்படியே வருகிறது.

"கிறிஸ்டி, நீ தங்கமான மனுசன். ஆனா உன்ர ஊரை வேற நாட்டுக்காரன் ஒருத்தன் வந்து உனக்கே சொல்லித் தந்தால் உனக்கு எப்பிடி இருக்கும்? வடிவா யோசிச்சுப் பார்."

கிறிஸ்துராஜா யோசித்தார். பேசாலையைப் பற்றி ஒரு அயர்லாந்துக்காரர் தனக்கு வகுப்பு எடுப்பதாக நினைத்துப் பார்த்தார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

"ஓம் மேடம், நீங்கள் சொல்லுறது நியாயம்," என்றார். "நான் கதைக்கிறதை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ."

மிஸஸ் மோரியார்ட்டி கடுமையானவர், ஆனால் நேர்மையானவர். டப்ளினிலிருந்து வந்து லண்டனில் இருக்கும் ஒரு இளம் வழிகாட்டியும் விண்ணப்பித்திருந்தார். முறையாகப் படித்து, சட்டையில் வழிகாட்டிச் சின்னம் குத்தியவர். அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் வரலாம், ஆளுக்கு இருபது நிமிடம் கில்லார்னியைப் பற்றிப் பேசலாம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும், பிறகு அங்கத்தவர்கள் கை உயர்த்தித் தீர்மானிப்பார்கள் என்று முடிவாயிற்று.

வீட்டில் அந்த ஒரு கிழமை வேறு கதையே இல்லை. கிறிஸ்துராஜா ஒரு கொப்பி வாங்கி, ஆங்கிலப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதினார். அவருக்கு அப்படி எழுதினால்தான் வாய்க்கு வரும். பதினாலு பக்கம். டொலறஸ் உடுப்பு ஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள், கறி தாளித்துக்கொண்டே கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கும் பாடமாகிவிட்டது. றூபினி போனில் நேரம் பார்த்தாள்.

"பத்தொன்பது நிமிஷம் அப்பா. பேர்பெக்ட். ஒரு சொல்லும் கூட்டாதேங்கோ."

"ஒண்டும் கூட்டமாட்டன்."

உண்மையாகவே அவர் பேச்சில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. அதை மகளும் காணவில்லை, மனைவியும் காணவில்லை. ஏனென்றால் அது பிழை என்று எங்கள் ஆட்களில் யாருக்கும் தோன்றியிராது.

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் அங்கத்தவர்கள் இருபத்தேழு பேர் இருந்தார்கள். உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும் சாப்பிட்டு முடித்து, தேநீருக்குக் காத்திருந்தார்கள். டொலறஸ் அதிகாலையிலேயே எழும்பிச் சுட்ட சிற்றுண்டிகள், பற்றிசும் றோல்சும், சமையலறை மேசையில் இருந்தன. முதலில் டப்ளின் இளைஞர் எழும்பினார். திரையில் படங்கள் வந்தன. லொக் லீன் ஏரி, மூன்று ஏரிகளில் பெரியது. கரையில் றொஸ் கோட்டை. மக்றொஸ் மாளிகையும் அதன் பூந்தோட்டமும். மலையிலிருந்து விழும் டோர்க் நீர்வீழ்ச்சி. செம்மான்கள். மிக அழகாகச் சொன்னார், பத்தொன்பதாவது நிமிடம் முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கிறிஸ்துராஜாவும் தட்டினார்.

அவருடைய முறை வந்தது. கலியாணத்துக்குப் போடும் நீலக் கோட்டோடு எழும்பி, கொப்பியை மேசையில் வைத்தார். மிஸஸ் மோரியார்ட்டி முன்னால் சின்ன மணியும் கைக்கடிகாரமும் இருந்தன.

"மதிப்புக்குரிய தலைவி அவர்களே," என்று தொடங்கினார்.

பின் வரிசையில் இருந்த றூபினிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, அம்மா," என்று தாயின் கையைப் பிடித்தாள். "அப்பா விளிக்கப் போறார்."

லண்டனில் ஒரு தமிழ்க் கூட்டத்துக்காவது போயிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேச்சு என்பது பேச்சோடு தொடங்குவது அல்ல. தலைவர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, இனிப்பு அனுசரணை வழங்கிய கடை உரிமையாளரே என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லி விளித்த பிறகுதான் விஷயம். கிறிஸ்துராஜா லண்டன் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் பன்னிரண்டு வருடம் திருவிழா மேடையில் அறிவிப்பாளராக நின்றவர். ஒரு முறை மாதா திருநாளில் ஒரே ஒரு குடும்பத்தின் பெயரைத் தவறவிட்டார். அந்தக் குடும்பம் மூன்று வருடம் அவரோடு கதைக்கவில்லை. விளிப்பு அவருடைய கணக்கில் பேச்சு அல்ல, மரியாதை. அதனால் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது அதைச் சொல்லியும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை.

"தலைவி மிஸஸ் நோறா மோரியார்ட்டி அவர்களே. நீங்கள் கில்லார்னி நியூ ஸ்றீட்டில், கதீட்றலை நோக்கிப் போகேக்க இடது பக்கத்தில, துணிக்கடைக்கு மேல் வீட்டில பிறந்தனீங்கள்."

"வலது பக்கம்," என்றார் மிஸஸ் மோரியார்ட்டி.

டொலறஸ் செபமாலையைத் தேடினாள்.

"மன்னிக்க வேணும் மேடம். நீங்கள் எப்பவும் கோச்சில இடது யன்னலிலதான் இருப்பியள். அந்தத் தெருவில போகேக்க எந்த வீட்டுக்குக் கை காட்டுவியள்?"

மிஸஸ் மோரியார்ட்டி மேசையில் விரலால் அந்தத் தெருவைக் கீறிப் பார்த்தார். "நான் பூசை முடிஞ்சு வீட்டை வாற வழியை நினைச்சுச் சொன்னன்," என்றார் கடைசியில். "அப்ப வலது. போகேக்க இடதுதான். சரி, நீ சொல்லு."

"உங்கட அம்மம்மா உங்களை அந்தக் கதீட்றல் வளவில இருக்கிற பெரிய மரத்துக்குக் கீழ விளையாட விடமாட்டா. ஏனெண்டால், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டில அந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கினவை. பாதியில உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்திட்டுது. சுவர் மட்டும் எழும்பின கோயிலில, கூரை போட முந்தியே பசியில விழுந்த சனத்தைக் கிடத்தினவை. செத்த பிள்ளையளை வளவில புதைச்சவை. அந்த இடத்திலதான் மரம் நிக்குது. இண்டைக்கு உல்லாசப் பயணியள் அதுக்குக் கீழ நிண்டு படம் எடுக்கினம். நீங்கள் மட்டும் ஒவ்வொரு வருஷமும் அந்த மரத்தடிக்குப் போய், ஒரு சொல்லும் கதைக்காமல் திரும்பி வந்து ஏறுவியள். நான் எஞ்சினை நிப்பாட்டிப் போட்டுத்தான் இருப்பன்."

இதைச் சொல்லி முடித்து, அடுத்த கதிரைக்குத் திரும்பினார். அவர் கில்லார்னியின் வரலாற்றைத் தொடங்கிவிட்டோம் என்று நினைக்கவில்லை. ஒரு ஆளுக்கு வணக்கம் சொல்லி முடித்ததாகத்தான் நினைத்தார்.

"மதிப்புக்குரிய மிஸ்டர் டெனிஸ் க்ரோணின் அவர்களே." அது குதிரை வண்டிக்காரக் குடும்பம். கில்லார்னியில் இன்றும் வரிசையாக நின்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வண்டிகள் அவை. க்ரோணினின் பூட்டன், விக்டோறியா மகாராணி ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில் வந்தபோது அவருடைய வண்டிக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தவராம். "கில்லார்னியில அரைவாசிக் குடும்பம் இதையேதான் சொல்லுது," என்றார் கிறிஸ்துராஜா. "அந்தக் குதிரைக்கு எத்தினை கடிவாளம் இருந்ததோ தெரியாது. ஆனா நான் மிஸ்டர் க்ரோணினைத்தான் நம்புறன்." மண்டபம் கொல்லென்று சிரித்தது. எண்பது வயது க்ரோணின் பள்ளிக்கூடப் பையனைப்போலச் சிவந்துபோனார்.

அடுத்தவர் மிஸஸ் ஹீலி. அவருடைய தாய் மக்றொஸ் மாளிகையில் சமையலறைப் பெண். அந்த மாளிகையைக் கட்டிய ஹேர்பேட் குடும்பம், மகாராணி தங்கிய இரண்டு இரவுக்காகத் தளபாடம், திரைச்சீலை என்று வருடக் கணக்காகச் செலவழித்துக் காத்திருந்ததும், பிற்காலத்தில் அவர்கள் கையை விட்டு மாளிகை போனதும், கடைசியில் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டில் அதையும் சுற்றியுள்ள நிலத்தையும் வேறொரு குடும்பம் அயர்லாந்து மக்களுக்கே கொடுத்ததும் ஒரே வணக்கத்துக்குள் அடங்கின. "உங்கட அம்மா பின்வாசலால போனவ. நீங்கள் ஒவ்வொரு வருஷமும் முன்வாசலால, தொப்பியும் போட்டுக்கொண்டு போறியள். அதைப் பாக்க எனக்குச் சந்தோசம் மேடம்."

றொஸ் கோட்டைக்கு பேடி டொனஹியூ. அந்தக் கோட்டையைக் கட்டிய வம்சத்தின் பெயர் அவருக்கு. லண்டன் ஸ்றெத்தத்தில் நாற்பது வருடம் சுவருக்குச் சாந்து பூசியவர். ஏரியில் போர்க்கப்பல் வரும்வரை கோட்டை விழாது என்று ஒரு சொல் இருந்ததாம். ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டில் கிறொம்வெல்லின் ஆட்கள் ஆற்று வழியாகப் படகுகளை ஏற்றி ஏரிக்குள் இறக்க, உள்ளே இருந்தவர்கள் கோட்டையை விட்டுக்கொடுத்தார்கள். அந்த வம்சத்தின் பழைய தலைவர் மே மாதத்தில் வெள்ளைக் குதிரையில் ஏரியிலிருந்து எழும்பி வருவார் என்று ஊரில் கதை. "பேடி, நாங்கள் போறது செப்டெம்பரில. அதனாலதான் உங்கட ஆள் எங்களுக்குத் தட்டுப்படேல்லை."

இன்னிஸ்ஃபோலன் தீவு, படகுக்காரரின் மகன் ஜோன் லூஸிக்கு. ஏரி நடுவில் உள்ள அந்தத் தீவில் பண்டைக்கால மடம் ஒன்று இடிந்து கிடக்கிறது. அங்கே துறவிகள் எழுதிய வரலாற்று ஏடு இப்போது ஒக்ஸ்ஃபோர்டின் பெரிய நூலகத்தில் இருக்கிறது. ஒரு முறை பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கோச்சில் ஒக்ஸ்ஃபோர்டுக்கு இறக்கிவிட்டு, கிடைத்த மூன்று மணித்தியாலத்தில் கிறிஸ்துராஜா அந்த நூலக வாசலுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அதைச் சும்மா வருகிற ஆட்களுக்குக் காட்டுவதில்லை என்று மரியாதையாகச் சொன்னார்களாம். "அப்ப நான் வெளிய வந்து அந்தச் சுவரில கையை வைச்சுப்போட்டு வந்தனான், ஜோன். உங்கட ஆக்கள் எழுதினது அதுக்குள்ளதானே இருக்கு."

ஜோன் லூஸி எழும்பி நின்றார். ஏன் எழும்பினார் என்று அவருக்கே தெரியவில்லை. திரும்பவும் இருந்துகொண்டார்.

இன்னும் மூன்று பேரை விளித்து, ஒன்பதாவது ஆளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்தது.

கிறிஸ்துராஜா மணியைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். முதல் பக்கத்தைக்கூட அவர் புரட்டவில்லை. பதினாலு பக்கம், ஒரு கிழமை உழைப்பு. முகம் கறுத்துவிட்டது.

"மன்னிக்க வேணும்," என்றார். "நான் இன்னும் தொடங்கேல்லை. வணக்கம்தான் சொல்லிக்கொண்டிருந்தனான்."

டப்ளின் இளைஞர் வாயைப் பிளந்தபடி இருந்தார். றூபினி கண்ணை மூடிக்கொண்டாள். சட்டம் சட்டம்தான், மிஸஸ் மோரியார்ட்டி கைக்கடிகாரத்தைக் காட்டி, "இருபது நிமிஷம் முடிஞ்சுது கிறிஸ்டி," என்றார். கிறிஸ்துராஜா தலையாட்டி, கொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். கைக்கெட்டிய ஆசனத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டதாக நினைத்தார்.

அப்போது யன்னல் பக்க மேசையிலிருந்து ஒரு கிழவர் தடியால் நிலத்தில் தட்டினார்.

"என்னைச் சொல்லேல்லையே?"

"என்னையும் சொல்லேல்லை," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அவளுக்குச் சொன்னவர், எனக்கு என்ன குறை?" என்றார் மிஸஸ் ஹீலியின் தங்கை.

மண்டபம் சந்தைபோல் ஆகிவிட்டது. மிஸஸ் மோரியார்ட்டி இன்னொரு முறை மணி அடித்தார், யாரும் கேட்கவில்லை. அந்த மணிக்கு அங்கே யாரும் அடங்காமல் போனது அதுவே முதல் தடவையாம்.

"சட்டப்படி நேரம் முடிஞ்சுது," என்றார் தலைவி. பிறகு கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார். "ஆனா பத்தொன்பது பேரை விட்டுப்போட்டு இருக்கிறது மரியாதையில்லை. சொல்லி முடி."

கிறிஸ்துராஜா சொன்னார். தேநீர் ஆறியது, டொலறஸின் பற்றிஸ் தட்டோடு மேசை மேசையாகப் போனது. கல்லூரித் தெரு வந்தது, சந்தை கூடிய மேடு வந்தது, ரெயில் வந்து பயணிகளைக் கொட்டிய காலம் வந்தது, மகாராணியின் தோழிமார் நின்று ரசித்ததால் சீமாட்டிகளின் பார்வை என்று பெயர் வாங்கிய மலைத் திருப்பம் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு ஆளோடு வந்தது. ஒருவரின் வீடு, ஒருவரின் முதல் வேலை, ஒருவர் கலியாணம் கட்டிய பீடம். யார் எந்த இடத்தில் கோச்சை நிறுத்தச் சொல்வார் என்பது பதினாறு வருடம் பிரேக் அழுத்திய காலுக்குத் தெரியாதா?

கடைசி ஆள் ஐலீன். இரண்டு வருடமாக ஞாபகம் தப்பிப்போய், கதைப்பதை நிறுத்திவிட்டவர். கோச்சிலும் இனி வரமாட்டார். அவரை விட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். கிறிஸ்துராஜா அவருடைய கதிரைக்கு முன்னால் போய், குனிந்து நின்றார்.

"மதிப்புக்குரிய மிஸ் ஐலீன் ஃபோலி அவர்களே. நீங்கள் டோர்க் நீர்வீழ்ச்சியில நிப்பாட்டச் சொல்லுவியள். அங்க உங்கட தம்பியோட சேந்து, சப்பாத்தை அங்கயே விட்டிட்டு ஓடினனீங்கள் எண்டு சொல்லிச் சிரிப்பியள். தண்ணி பெரிய சத்தமாக் கேக்கும். நாங்கள் இரண்டு பேரும் கத்திக் கத்தித்தான் கதைக்கிறனாங்கள்."

ஐலீன் அவருடைய நீலக் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை. அவர் விடும்வரை கிறிஸ்துராஜாவும் குனிந்தபடியே நின்றார்.

பிறகு கை உயர்த்தினார்கள். எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. டப்ளின் இளைஞர் தன் கணினியை மூடிப் பையில் வைத்துவிட்டு, நேரே வந்து கிறிஸ்துராஜாவின் கையைக் குலுக்கினார். "நான் படிச்ச இடத்தில இதைச் சொல்லித் தரேல்லை," என்றார். அவரை வெறுங்கையோடு போக டொலறஸ் விடவில்லை. ஆறு றோல்ஸ் சுற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "என்ர மனுசன்," என்று கிறிஸ்துராஜாவைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த இளைஞருக்கு அது முன்பே தெரியும். அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னாள்.

றூபினி தகப்பனிடம் வந்து, "அப்பா, நீங்கள் ஒரு நாளும் திருந்தமாட்டியள்," என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு அவள் வேலை செய்யும் இடத்தில் இதைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பாள்.

மிஸஸ் மோரியார்ட்டி பயணப் பட்டியலைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். பெயர், வயது, எடுக்கும் மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஆள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிக் கட்டத்தில், ஊரில் கோச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவரவர் எழுதியிருந்தார்கள். புதிதாக ஒரு வரி கீறி, தாதிமாருக்கே உரிய தெளிவான எழுத்தில் கிறிஸ்துராஜாவின் பெயரை எழுதினார். வயதை எழுதினார், கண்ணுக்கு விடும் மருந்தை எழுதினார், டொலறஸின் நம்பரை எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

"கிறிஸ்டி, பதினாறு வருஷம் நாங்கள் சொன்ன இடமெல்லாம் நிப்பாட்டினனி. உனக்கு எங்க நிப்பாட்ட வேணுமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. சொல்லு, எங்க?"

ஒன்றேகால் மணித்தியாலம் இடைவிடாமல் கதைத்த மனிதர் கொப்பியை ஒரு கக்கத்திலிருந்து மற்றதுக்கு மாற்றினார். கோட்டையா, தீவா, மரமா என்று அவர் யோசிப்பதாக எல்லோரும் நினைத்தார்கள்.

"நிப்பாட்டத் தேவையில்லை மேடம்," என்றார் மெல்ல. "கரையோர றோட்டில மட்டும் கொஞ்சம் ஆறுதலா, மெள்ள ஓடச் சொல்லுங்கோ. அந்த ஏரியை ஓடேக்க நான் ஒரு நாளும் பாத்ததில்லை. நான் றோட்டைத்தான் பாத்தனான்."

மிஸஸ் மோரியார்ட்டி குனிந்து, கடைசிக் கட்டத்தில், ஏரி முடியும் வரைக்கும் என்று எழுதினார்.